பரியெத்தி போட்ட முடிச்சு

சைக்கிளோடு ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய்வந்தவர்கள் எதிர்ப்பட்டால் நான் கேட்பது ஒரே கேள்விதான். சா கலோப்ரா மலைச்சாலையில் முடிச்சுப் பாலத்தின்மேல் இறங்கி நின்றீர்களா? நின்றேன் என்றால் ஒரு மணி நேரம் பேசலாம். ஏறி முடித்த நேரத்தை நிமிடம் நொடியோடு சொல்ல ஆரம்பித்தால், “சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு காபிக்கு ஆர்டர் கொடுத்துவிடுவேன். பகை ஒன்றும் இல்லை. அவர்கள் பார்த்த சாலையும் நான் பார்த்த சாலையும் ஒன்றில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தீவின் டிரமுந்தானா மலைத்தொடரின் கடலோரம் முழுக்கவே அழகு என்பதில் யாருக்கும் தகராறு கிடையாது. 2011இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மலையையும் மனிதன் அதில் செய்து வைத்த வேலையையும் சேர்த்துத்தான் சேர்த்தது. அந்த மலைத்தொடர் வழியே போகும் எம்ஏ-10 சாலை பொயென்சாவிலிருந்து அந்த்ராட்ச் வரை சுமார் 110 கிலோமீட்டர். கால் வலுவுள்ளவர்கள் விடிந்ததும் கிளம்பி, ஒரே பகலில் முடித்துவிட்டு, மாலையில் பீர் குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். நான் பின்னால் கேரியரில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கிப் போகிற ஆள். அதுவும் தனியாக.

தனியாகப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. நாலைந்து பேராகப் போனால் கண் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில்தான் இருக்கும். மலைப்பாதையில் அது நல்ல பழக்கம். இல்லாவிட்டால் மோதிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரு வளைவைத் திரும்பி இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் கூட்டத்தில் யாரிடம் அதைச் சொல்வது? “என்ன, பஞ்சரா?” என்பார்கள். தனியாகப் போகிறவனுக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு மீட்டர் திரும்பி ஏறி, மறுபடி இறங்கலாம். ஆட்டு மணி எங்கிருந்து கேட்கிறது என்று பார்க்க நிற்கலாம். மேலே வட்டமிடுவது கருங்கழுகுதானா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கலாம்; மத்தியதரைக் கடல் தீவுகளில் அந்தப் பறவை இன்னும் குஞ்சு பொரிக்கிற மலைகள் மிகக் குறைவு.

எந்தத் திசையில் போவது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. அந்த்ராட்சில் தொடங்கி வடக்கே போகச் சொல்வோர் உண்டு. அப்படிப் போனால் சோயெரிலிருந்து புய்க் மஜோர் மலைப் பக்கமாக 14 கிலோமீட்டர் ஏற்றம் சுளையாகக் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். கிடைக்கட்டும். ஸ்பெயினில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. அந்த்ராட்சிலிருந்து வருகிறவருக்குக் கடல் இடப்பக்கம். அவர் மலைச்சுவரை உரசிக்கொண்டு, எதிரே வரும் கார்களுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கடலை ரசிக்க வேண்டும். பொயென்சாவிலிருந்து வந்தால் கடல் நம் வலக்கைக்கு அடியில் இருக்கும். நடுவே முழங்கால் உயரக் கல்வரிசை மட்டும். உயரம் கண்டால் தலைசுற்றும் என்பவர்கள் முதல் வழியிலேயே போகட்டும், அதில் குறைவொன்றும் இல்லை. இடப்பக்கம் ஓட்டியே வளர்ந்த நமக்கு முதல் நாள் ரவுண்டானாக்களில் கை சற்றுத் தடுமாறும். கோல் தெ ஃபெமெனியா ஏற்றம் தொடங்கிவிட்டால் ரவுண்டானா ஏது, தடுமாற்றம் ஏது.

ஃபெமெனியா ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். மூச்சு பழகுவதற்கு நல்ல ஏற்றம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு யூக் மடாலயம். அதைத் தாண்டி, கைமாரியிலிருந்து ஏறிவரும் சாலை சேருமிடத்துக்குப் பக்கத்தில் கோல் தெ சா பதாயா பெட்ரோல் பங்க். மயோர்காவில் சைக்கிள்காரர்கள் கூடுகிற கோவில் என்றால் மடாலயம் இல்லை, இந்தப் பங்க்தான். பெட்ரோல் போட வருகிறவர்களைவிட பாதாம் கேக்கும் ஆரஞ்சுச் சாறும் வாங்க வருகிறவர்கள் அதிகம். சுவரோரம் சாத்தி வைத்த கார்பன் சைக்கிள்களை விலை போட்டால் பங்கையே வாங்கிவிடலாம். இங்கே வயிற்றை நிரப்பிக்கொள்வது அவசியம். அடுத்தது சா கலோப்ரா.

சா கலோப்ரா 1932 வரை கடலோரத்தில் சில மீனவர் வீடுகள் மட்டும் இருந்த இடம். போக வேண்டுமென்றால் படகு, இல்லாவிட்டால் கோவேறு கழுதைத் தடம். அந்த ஆண்டு வந்த சாலை ஊர்க்காரர்கள் கேட்டுப் போட்டது இல்லை. சரக்கு ஏற்றவோ ராணுவம் போகவோ போட்டதும் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தொரெந்த் தெ பரேய்ஸ் பள்ளத்தாக்கு கடலைத் தொடும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காக, அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் போட்டது. கீழே போனால் கடல். அதற்கப்பால் சாலை கிடையாது. வந்த வழியே திரும்பி ஏறியாக வேண்டும். உலகத்தில் முக்கால்வாசிச் சாலைகள் எங்கோ போவதற்காகப் போட்டவை. இது பார்ப்பதற்கென்றே போட்டது. அதனால்தான் இதைச் சாலை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒருவர் உட்கார்ந்து இயற்றியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

கணக்கைப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். உச்சியில் கோல் தெல்ஸ் ரேய்ஸ் கணவாய் 682 மீட்டர். அங்கிருந்து கடல்மட்டம் வரை ஒன்பதரைக் கிலோமீட்டர். சராசரிச் சாய்வு 7 சதவீதம். கொண்டை ஊசி வளைவுகள் 26 என்பார்கள். கொல்லிமலையில் 70 ஏறியவர்கள் இந்த எண்ணிக்கையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆல்ப்ஸ் ஆசாமிகளோ உயரத்தைக் கேட்டதுமே சிரிப்பார்கள். ஸ்டெல்வியோ 2,700 மீட்டருக்கு மேல். சரி. எண்ணிக்கையிலும் உயரத்திலும் பரியெத்தியை ஜெயிக்க ஆயிரம் சாலைகள் உண்டு.

அவருடைய மேதமை சாய்வில் இருக்கிறது. மலைச்சாலை போடுகிறவர்களில் பெரும்பாலோர் பாறை இளகிய இடத்தில் சும்மா படுத்துக்கொண்டு வருவார்கள், பாறை முரண்டு பிடித்த இடத்தில் திடீரென்று செங்குத்தாக ஏற்றிவிடுவார்கள். ஓட்டுகிறவனுக்கு நாலு சதவீதத்தில் மூச்சு ஒரு நிலைக்கு வந்திருக்கும்; அடுத்த வளைவில் பதினாலு. கியரைத் தட்டு, எழுந்து மிதி, மறுபடி உட்கார். காலப்பிரமாணம் தெரியாத பக்கவாத்தியக்காரரோடு பாட உட்கார்ந்தது போல ஆகிவிடும். பரியெத்தியிடம் அந்தச் சங்கடம் மிகக் குறைவு. எடுத்த காலத்தை அவர் பெரும்பாலும் விடுவதில்லை. கீழ்ப்பாதியில் ஓரிரு இடம் பத்தைத் தொட்டு வரும், மறுக்கவில்லை. ஆனால் அங்கும் வளைவுக்கு முன்னால் லேசாக ஒரு தளர்ச்சி கொடுத்து, வளைவைத் தாண்டியபின்தான் ஏற்றுவார். கொண்டை ஊசியின் உட்பக்கம் சுவர்போல நிமிராது. பின்னால் 32 பல் போட்டுவிட்டு அதிலேயே முக்கால் மலையை ஏறிவிடலாம். விரல் கியர் பக்கம் போக வேண்டிய தேவையே அதிகம் இருக்காது.

இதைச் செய்ய அவர் கொடுத்த விலை, தூரம். மலை எப்படி மடிகிறதோ அப்படியே சாலையையும் மடித்தார். சுரங்கம் ஒன்றுகூட வெட்டவில்லை. 31,000 கன மீட்டர் பாறையை ஆட்கள் கையாலேயே வெட்டி அப்புறப்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. மேலே வெட்டிய கல் கீழே தாங்குசுவராகி நிற்கிறது. அந்தச் சுண்ணாம்புக் கல்லின் சாம்பல் நிறமும் சுவரின் நிறமும் ஒன்றே என்பதால், தூரத்திலிருந்து பார்க்கும்போது எது மலை, எது கட்டுமானம் என்று சட்டென்று பிரிக்க முடியாது.

இனி முடிச்சு. நுஸ் தெ சா கொர்பாத்தா, டை முடிச்சு. எம்ஏ-10இலிருந்து கல் நீர்ப்பாலத்துக்கு அடியில் பிரிந்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறி, கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அது வரும். மலை அந்த இடத்தில் சட்டென்று விழுகிறது. வேறொருவராக இருந்தால் இரண்டு நெருக்கமான ஊசி வளைவுகளைச் செருகி, சாய்வைப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோய், வேலை முடிந்தது என்று போயிருப்பார். இல்லாவிட்டால் குடைந்திருப்பார். பரியெத்தி சாலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் அடியிலேயே அதை நுழைத்துவிட்டார். காலையில் டை கட்டும்போது இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இந்த மாதிரி யோசனை கண்ணாடி முன் நிற்கும்போது வராது, சாய்வுக்கணக்கு இடிக்கும்போதுதான் வரும்.

இறங்கி வரும்போது முதலில் பாலத்தின் மேல் போவோம். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தால், இன்னும் அரை நிமிடத்தில் நாம் போகப்போகும் சாலை நம் காலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு வட்டம் தொடங்குகிறது. இங்கேதான் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சாதாரண வளைவு என்றால் நுழையும்போது ஒரு சாய்வு, நடுவில் ஒரு திருத்தம், வெளியேறும்போது இன்னொன்று. முடிச்சில் ஆரம் ஏறக்குறைய மாறாமல் போகிறது. ஒரு தடவை உடம்பைச் சாய்த்து, உட்கால் மிதியை மேலே நிறுத்தி, வெளிக்காலை அழுத்திவிட்டால், அப்படியே அசையாமல் முக்கால் வட்டத்துக்கும் மேல் போகலாம். முதலில் எதிரே மலை, பிறகு வானம், பிறகு தூரத்தில் ஒரு துண்டு கடல், பிறகு மறுபடி மலை. உலகம் சுற்றுகிறதே தவிர நாம் திரும்புவதாகவே தெரியாது. பாலத்தடியில் ஒரு நொடி நிழல். வெளியே வந்ததும் கண் கூசும். அவ்வளவுதான், முடிந்தது. நான் அங்கே நிறுத்தி, சைக்கிளைத் திருப்பி, மறுபடி மேலே போய் இன்னொரு முறை இறங்குவேன். போகிறவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஏறிவரும்போது அதே முடிச்சு வேறு விதமாக இருக்கும். அப்போது தொடைகள் காய்ந்திருக்கும், தண்ணீர் போத்தல் வெதுவெதுப்பாகியிருக்கும். பாலத்தடி நிழலில் நுழையும்போது ‘இதோ முடிந்தது’ என்று மனம் சொல்லும். வட்டம் மெதுவாக மேலே தூக்கிக்கொண்டே போகும். எந்த இடத்திலும் உதைக்காது. பாலத்தின்மேல் வந்தபின்தான் எவ்வளவு உயரம் ஏறிவிட்டோம் என்று தெரியும். திரும்பிப் பார்த்தால், வந்த சாலை முழுவதும் பாறைகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கும். இங்கே இறங்கி நிற்காமல் போகிறவர்களை என்ன சொல்ல?

போர்ட் தெ சோயெரிலிருந்து சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு நேரே சா கலோப்ராத் துறைக்கு வந்து, அங்கிருந்து ஏற்றத்தை மட்டும் ஓட்டுகிறவர்கள் உண்டு. கால் மிச்சம், நேரம் மிச்சம் என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. இந்தச் சாலையை மேலிருந்து கீழாக முதலில் பார்த்தாக வேண்டும். என்ன செய்திருக்கிறார் என்பதை இறங்கும்போது கண்ணால் தெரிந்துகொண்டு, ஏறும்போது காலால் சரிபார்க்கிற வேலை இது. நேராக ஏறத் தொடங்குகிறவருக்கு எட்டாம் கிலோமீட்டரில் முடிச்சு வரும்போது தலை கவிழ்ந்துதான் இருக்கும். கீழே இறங்கியவர்களுக்கும் ஒன்று சொல்வேன். சா கலோப்ராத் துறையில் இருக்கும் உணவகங்களில் உட்காராதீர்கள். கடலுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் கால துவென்துக்குப் பிரியும் சாலையில் திரும்பி, சான் யொரென்ஸ் தேவாலயம் இருக்கும் மேட்டைத் தாண்டி இறங்கினால், பைன் மரங்களுக்குக் கீழே ஒரு கடற்கரை. கூடுதலாக ஒரு ஏற்றம் தண்டனையாகக் கிடைக்கும் என்பதால் பஸ் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

பரியெத்தியின் இன்னொரு சாலையை, ஃபொர்மெந்தோரை, இதற்கு மேலே வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது 1920களில் போட்டது. தீவின் வடமுனையில் கலங்கரை விளக்கம் வரை போகிறது. எஸ் கொலொமெர் பார்வை மேடையில் நின்றால் காட்சி அபாரம், இல்லை என்று யார் சொன்னது? அங்கே பரியெத்திக்கு ஒரு நினைவுச்சின்னமும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாலை காட்சிக்காகவே ஏறுகிறது, காட்சிக்காகவே இறங்குகிறது; நடுவில் ஒரு சுரங்கம் வேறு. கடலும் பாறையும் இல்லாவிட்டால் அந்தச் சாலையில் என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்க்கச் சொல்வேன். சா கலோப்ராவில் பனிமூட்டம் இறங்கி ஒன்றுமே தெரியாத காலையிலும் ஓட்டியிருக்கிறேன். சாலை மட்டுமே போதுமாக இருந்தது.

கோல் தெ சோயெர் ரசிகர்கள் வேறு ஒரு கட்சி. இரு பக்கமும் சேர்த்து 57 வளைவுகள், ஒன்றுபோல் இன்னொன்று. 1997இல் சுரங்கப்பாதை திறந்ததும், 2017 கடைசியில் அதன் சுங்கம் போனதும், பழைய கணவாய்ச் சாலையைக் கார்கள் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டன. ஒலிவ மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே, வண்டிச் சத்தமே இல்லாமல், காலைப் பலகாரத்துக்கு முன்னால் ஏறி இறங்க உத்தமமான மலை. அமைதிக்காக அதை விரும்புகிறேன் என்று யாராவது சொன்னால் மறு பேச்சு இல்லை. வளைவுக்காக என்றால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தீவுக்கு வெளியே போனால் கார்சிகாவைச் சொல்வார்கள். பியானா பக்கத்துச் செம்பாறைகளுக்கு நடுவே போகும் சாலை. அங்கே பாறை பேசுகிறது, சாலை சும்மா இருக்கிறது. அமால்ஃபிக்குச் சைக்கிள் கொண்டுபோகாதீர்கள், இவ்வளவுதான் அதைப் பற்றி.

எம்ஏ-10இல் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சா கலோப்ராவுக்குப் பிறகு கோர்க் பிளாவ், கூபெர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள். புய்க் மஜோர் உச்சியில் ராணுவ ரேடார் உருண்டை. 850 மீட்டர் அளவில் சுரங்கம், அதைத் தாண்டினால் சோயெர் வரை 14 கிலோமீட்டர் இறக்கம். டிஸ்க் பிரேக் இல்லாத காலத்தில் இந்த இறக்கத்தின் பாதியில் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம், விரல் சுடும். சோயெரில் ஆரஞ்சுத் தோப்பும், 1913இலிருந்து ஓடும் டிராமும். தண்டவாளத்தில் சக்கரம் மாட்டாமல் குறுக்காகக் கடக்கவும். அப்புறம் தேயா. 1929இல் வந்த கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ், நடுவில் போர்க்காலம் போக, 1985இல் சாகும்வரை இருந்த ஊர். வல்தெமோசாவில் இசையமைப்பாளர் ஷோப்பான் 1838-39 குளிர்காலத்தைக் கழித்ததை அந்த ஊர் ஒரு நாளும் மறக்க விடாது. காபிக் கடை வரை அவர் பெயர்தான். நான் பெரும்பாலும் நிற்காமல் போய்விடுவேன்.

நிற்பது பன்யால்புஃபாரில். மலை கடலில் இறங்கும் வரை படிப்படியாகப் பாத்தி கட்டியிருக்கும் ஊர். அந்தப் படிகளைத் தாங்கும் சுவர்களில் சாந்து கிடையாது. ஒருமுறை மழையில் சரிந்த சுவர் ஒன்றை ஒரு முதியவர் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு எதிர்மேட்டில் உட்கார்ந்தேன். ஒரு சுத்தியல், நீளமாக ஒரு நூல், பக்கத்தில் கற்குவியல். குவியலைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒரு கல்லை எடுப்பார். கையில் இரண்டு தடவை புரட்டுவார். பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். உட்காராவிட்டால் ஒரு மூலையில் ஒரே தட்டு, அதற்கு மேல் தட்ட மாட்டார். எடுத்த கல்லைத் திரும்பக் குவியலில் போட்டதை நான் பார்க்கவில்லை. முன்வரிசை ஏற ஏற, பின்னால் கைப்பிடி கைப்பிடியாகச் சில்லுகளைக் கொட்டி நிரப்பிக்கொண்டே வந்தார். மழைத் தண்ணீர் அதன் வழியாக வடிந்துவிடும், சுவர் தள்ளாது. மார்ஜேர் என்று அவர்களுக்குப் பெயர். சாந்தில்லாக் கல்வேலையை ஸ்பெயின் உள்ளிட்ட பல நாடுகளின் கலையாக யுனெஸ்கோ 2018இல் பட்டியலிட்டது. சா கலோப்ராவின் தாங்குசுவர்களை எழுப்பியதும் இந்த மரபில் வந்த கைகளாகத்தான் இருக்க வேண்டும். பரியெத்தி தாளில் போட்ட கோட்டைக் கல்லில் போட்டவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இப்போது அந்த மாதிரிச் சுவர் சரிந்தால் எல்லா இடத்திலும் மார்ஜேர் வருவதில்லை. சிமெண்ட் வருகிறது. மேலே கல்லை ஒட்டி மறைத்துவிடுகிறார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடுக்கில் உயிர் இருக்காது. ஓரத்துக் கல்வரிசை இருந்த சில இடங்களில் தகரத் தடுப்பு வந்துவிட்டது. பாதுகாப்பு என்றால் நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் மரத்திலோ கல்லிலோ அதையே செய்யத் தெரிந்தவர்கள் தீவில் இன்னும் இருக்கிறார்கள்.

சைக்கிள் வாடகைக் கடைகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் கடைக்காரர் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்பார். சா கலோப்ரா என்றால் ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் பின்சக்கரத்தைக் கழற்றிப் பெரிய பல்லாக மாட்டிக் கொடுப்பார். இப்போது செல்போனில் அளவைப் பதிந்தால் கார்பன் வண்டி ஒன்று எண் ஒட்டித் தயாராக நிற்கிறது. கேரியர் மாட்ட ஓட்டை உள்ள வண்டி வேண்டும் என்றால், அருங்காட்சியகத்துக்கு வழி கேட்டதுபோலப் பார்க்கிறார்கள். மின்சைக்கிள் வந்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அறுபதைத் தாண்டிய தம்பதிகள் முடிச்சுப் பாலம் வரை வந்து நிற்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லப்போனால் அவர்கள்தான் நிற்கிறார்கள். என் புகார் ஹேண்டில்பாரில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள்மேல். ஆட்டு மணியும் சொந்த மூச்சும் போதாத ஆளுக்கு மலை எதற்கு?

பெரிய துன்பம் பஸ். சா கலோப்ராவின் கீழ்ப்பாதியில் இரண்டு பெரும்பாறைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய வருவதுபோல் நிற்கும். நடுவில் ஒரு வண்டி நுழைகிற இடைவெளி. பரியெத்தி நினைத்திருந்தால் உடைத்திருக்கலாம், உடைக்காமல் விட்டார். அந்த இடுக்கில் மேலே போகும் பஸ்ஸும் கீழே வரும் பஸ்ஸும் எதிரெதிரே மாட்டிக்கொள்ளும். பின்னால் வாடகைக் கார்கள். எல்லோரும் பின்வாங்கக் கற்றுக்கொள்ளும் வரை சைக்கிள்காரன் டீசல் புகையில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்க வேண்டும். எடுத்த காலம் போயே போச்சு. நின்ற இடத்திலிருந்து எட்டு சதவீதத்தில் மறுபடி மிதித்துக் கிளப்பிப் பாருங்கள், தெரியும்.

ஃபொர்மெந்தோர் சாலையில் 2018 முதல் கோடையில் பகல் நேரத்தில் தனியார் கார்களைத் தடுத்து, பஸ்ஸில் போகச் சொல்கிறார்கள். தீவு அதனால் ஒன்றும் திவாலாகிவிடவில்லை. சா கலோப்ராவுக்கும் அதில் பாதி செய்தால் போதும். கூட்ட மாதங்களில், காலையில் மூன்று மணி நேரம் மோட்டார் வண்டி கிடையாது என்று ஒரு பலகை. படகு வழி இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் அதில் வரட்டும். சாலையை மிதித்துப் பார்க்க வருகிறவர்களுக்கு வேறு வழி இல்லை.

அந்தப் பலகை வரும் நாள் வரை நாம்தான் நேரத்தைத் திருட வேண்டும். ஏப்ரலில் போகாதீர்கள், மாதக் கடைசியில் மயோர்கா 312 சைக்கிள் போட்டி, அதற்கு முன்னால் அதற்குப் பயிற்சி எடுக்கும் கூட்டம். ஜூலை ஆகஸ்டில் பாறை அடுப்பாகிவிடும். அக்டோபர் பாதியில் போங்கள். கடலில் இன்னும் குளிக்கலாம், இடிமழை வந்தால் மட்டும் ஒரு நாள் யூக் மடாலயத்தில் அறை எடுத்து உட்கார்ந்துவிடுங்கள், அங்கே தங்க இடம் கொடுப்பார்கள். பின்னால் 34 பல் போட்டுக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். எட்டு மணிக்குள் நீர்ப்பாலத்தடியில் இருந்தால் சாலை முழுக்க உங்களுடையது. பஸ்கள் பத்து மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும்.